மாமனார் வாசலில் ஒரு மண்சரிவு ஒத்திகை

என் மாமனார் இறந்த அன்று நான் அவருடைய வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டு வந்தவர்களிடம், "சீக்கிரமா வந்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம்" என்று வேறு சொன்னேன். ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஒளித்து என்ன ஆகப்போகிறது? (மாமனார் இன்றும் நலமாக இருக்கிறார். பிரச்சினையே அதுதான்.)

நான் பதுளை டவுனில் ஃபோன் கடையில் வேலை பார்த்தவன். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெண் எடுத்து, மாமனார் வீட்டிலேயே குடியேறினேன். டவுன்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று தோட்டத்தார் நம்பினார்கள். நானும் நம்பினேன். கொஞ்ச நாளிலேயே லயத்து மக்கள் பாதுகாப்புச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

சங்கத்தின் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பொங்கலுக்குக் கயிறிழுத்தல் நடத்த வேண்டும், தண்ணீர்ப் பீலிப் பக்கம் விளக்குப் போடச் சொல்லி யாரையாவது நச்சரிக்க வேண்டும், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று விசாரிக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேடு வெடித்துவிட்டது. கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழை பிடித்தால் அங்கிருக்கும் அத்தனை குடும்பமும் மேலே தோட்டத்துப் படிப்பகமான வாசிகசாலைக்கு ஓடி வந்தாக வேண்டும். அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

வாட்ஸ்அப் குரூப் இருந்தது, ஆனால் கீழ் லயத்தில் சிக்னல் இல்லை. (பாறை மேல் ஏறி நின்றால் வரும். மண் சரியும்போது பாறை மேல் ஏறச் சொல்வது முறையாக இருக்காது.) கோயில் ஒலிபெருக்கிக்குக் கரண்ட் வேண்டும். மழை என்றால் முதலில் ஓடிப்போவது கரண்ட்தான். அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. தப்புப் பறை அடித்தால் என்ன? தோட்டத்தில் தப்புச் சத்தம் எட்டாத மூலையே கிடையாது.

"தப்பு கேட்டா எல்லாரும் வாசிகசாலைக்கு வந்துடணும்" என்று கூட்டத்தில் அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, சாவுக்கு இன்னொரு அடி என்று தப்பில் வகை உண்டென்பது எனக்குத் தெரியாது. என் காதுக்கு எல்லாமே டம் டம்தான்.

ஒத்திகையைப் பார்க்கக் கிராம உத்தியோகத்தர் அம்மா வருவதாகச் சொன்னார். மக்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தால் சரி. இல்லையென்றால் மழைக்காலம் முழுவதும் கீழ் லயத்தார் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆடு மாடு கோழியை விட்டுவிட்டு, பாடசாலையில் போய்ப் படுக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் நடத்தினால்தான் உண்மையான ஒத்திகை என்று எங்கோ படித்திருந்தேன்.

தப்பு அடிக்கும் ராமையா அண்ணன் அன்று காலையில் கேட்டார். "எந்த அடிய அடிக்கட்டும் தம்பி?"

"எந்த அடி அடிச்சா எல்லாரும் அடுப்புல இருக்கிறத அப்படியே போட்டுட்டு ஓடியாருவாங்களோ, அத அடிங்கண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்கு ஒரே ஒரு அடிதான் இருக்கு. அது நல்லாருக்காதுங்களே."

"நல்லாருக்க வேணாம்ணே. சத்தமா இருந்தா போதும்."

வாசிகசாலைக்கு அடுத்த வீடு மாமனாருடையது. இழுப்புக்காகப் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வந்து படுத்திருந்தார். தூறல் விழுந்ததால் ராமையா அண்ணன் அந்த வீட்டு வாசலில் ஒதுங்கி நின்று அடிக்கத் தொடங்கினார்.

முதலில் வந்தது கீழ் லயத்துக் காளியம்மா அக்கா. தலைமுடி அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு வந்தார். என்ன ஈடுபாடு! ஒத்திகை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"அக்கா, நீங்கதான் மொதல்! ரொம்ப சந்தோஷம்!" என்றேன்.

அழுகையை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மடங்காக அழுதார். "ஐயோ, புள்ளைக்குப் புத்தி கலங்கிப்போச்சே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆண்கள் வரிசையாக வந்து, பேசாமல் என் கையைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். செயலாளருக்கு இவ்வளவு மரியாதையா? ஒருவர் சாவு வீட்டில் கட்டும் வெள்ளைக்கொடி கொண்டுவந்தார். பாதுகாப்பான இடத்துக்கு அடையாளம் என்று நினைத்து, இன்னும் உயரமாகக் கட்டச் சொன்னேன். "மாமா எங்க?" என்று கேட்டவர்களிடம், "உள்ள படுத்திருக்காரு. அவரு இதுல கலந்துக்க வேணாம்னு விட்டுட்டேன்" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிராம உத்தியோகத்தர் அம்மாவும் பேனாவைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் நின்றார்.

அப்போது கதவு திறந்தது. குல்லாவும் ஸ்வெட்டருமாக மாமனார் வந்து நின்றார். தப்பின் அடி அவருக்குத் தெரியும். துண்டை வாயில் பொத்திக்கொண்டு, நடுங்கும் குரலில் கேட்டார்.

"யாருப்பா போனது?"

காளியம்மா அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "நீங்கதாண்ணே."

மாமனார் சிறிது யோசித்தார். "எப்ப?"

இவ்வளவுக்கும் ராமையா அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தார். அவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பிறகு நான் விளக்கம் சொன்னேன். கேட்டவர்கள் என்னை அடிக்காமல் விட்டது மாமனாருக்காகத்தான். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் கீழ் லயத்தில் ஒரு குஞ்சு குருமான்கூட மிச்சமில்லாமல் எல்லோரும் மேலே வந்திருந்தார்கள். கிராம உத்தியோகத்தர் அம்மா திருப்தியாக எழுதிக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்தில் நான் வேறு அடி வைக்கலாம் என்றேன். "வேணாங்க, அந்த அடிக்குத்தான் காலு தன்னால ஓடுது" என்று மறுத்துவிட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் கொட்டிய ஒரு பகலில் ராமையா அண்ணன் அதே அடியை அடித்தார். எல்லோரும் வந்தார்கள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காளியம்மா அக்கா வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில், மேடு இறங்கிக் கீழ் லயத்தின் அடுப்படிகளை மூடியது. உள்ளே யாருமில்லை. வாசிகசாலையில் நான் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கடைசிப் பெயருக்கும் பதில் வந்ததும் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன். அவ்வளவு பயந்திருந்தேன்.

மாமனார் குல்லாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பாருங்கய்யா எங்க மாப்ளய! நான் செத்த அன்னிக்குச் சிரிச்ச மனுசன், எல்லாரும் பொழச்ச அன்னிக்கு அழுவுறாரு!"

நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும், மாமனார் இதைச் சொல்லி முடிக்காமல் பந்தியில் இலை போடுவதில்லை.