ஆயாக்கொட்டகையில் ஆறு காக்கிச் சிலுவார்

ஆறு போலீஸ்காரர்களின் சிலுவாரை வெட்டியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். எத்தனையோ வருஷமாக ஒப்புக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தக் கல்யாண வீட்டிலும் நாலு சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் போதும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வருவதற்குள் யாராவது என்னைக் காட்டி, "இவங்க யாரு தெரியுமா? மாத்தா சிலுவாரையே வெட்டுனவங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். (மாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் போலீஸ், சிலுவார் என்றால் கால்சட்டை.) நானும் கூடச் சிரிக்க வேண்டியிருக்கிறது. சிரிக்காவிட்டால் எனக்குக் கோபம் என்பார்கள். கோபம்தான். இல்லை என்று யார் சொன்னது?

வெட்டினேன், சரி. எதற்காக வெட்டினேன், வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த புண்ணியவான் யார், இதையெல்லாம் ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

அது வெள்ளைக்காரர் ஆட்சி அவசரகாலம் போட்டிருந்த சமயம். செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்தான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் துணியும் போய்விடக் கூடாது என்று தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் விடிந்த பிறகுதான் திறப்பார்கள். குன்றின்மேல் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ் கொட்டகை. அதில் ஒரு கோப்ரல், ஆறு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். எங்கள் வீடோ கீழே, கேட்டுக்கு அருகில் இருந்தது. வீடு அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் துரைசானி தன் பங்களாவைச் சுற்றிக் காட்டியபோது கட்டில்மேல் ஒரு போர்வையைப் பார்த்தேன். துணித் துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப் போட்டு, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தது. வீட்டுக்கு வந்த அன்றே கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன். (அதை இன்னும் வைத்திருக்கிறேன். என் மருமகள் அதை ஒளித்துவைப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.) பழைய புடவை, தலையணை உறை, மாவு மூட்டைத் துணி, எதுவும் தப்பவில்லை. என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து துண்டைத் தேடினால் அது எட்டுச் சதுரமாக மேசைமேல் கிடக்கும்.

இதெல்லாம் அழகுக்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். பால் மரம் வெட்டப் போகும் பெண்கள் விடிந்ததும் விடியாததுமாகக் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க ஆயா பார்த்துக்கொள்வாள். போய்ப் பார்த்தேன். பனி இறங்கிக்கொண்டிருக்கிறது, சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்துப் பிள்ளைகளைப் போட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு உதடு நீலம் பூத்திருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டால், ஆபீஸ் கணக்கில் போர்வைக்கு இடமில்லை என்றார். மருந்தடிக்கும் டப்பாவுக்கு இடமிருக்கிறது, பிள்ளைக்கு இல்லையா? நானே தைக்கிறேன் என்று கிளம்பினேன். நாலு போர்வை தைத்துக் கொடுத்ததில் வீட்டுத் துணியெல்லாம் தீர்ந்துபோனது. துரைசானியிடம் கேட்டேன். அடுத்த வாரம் பழைய துணி ஒரு மூட்டை அனுப்புவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. கொல்லையில் வேலை முடித்து முன்வாசலுக்கு வந்தால், வராந்தாவில் ஒரு மூட்டை. வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தேன். ஆறு காக்கிச் சட்டை, ஆறு காக்கி அரைச் சிலுவார். துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது.

இப்போது கேட்கிறீர்கள் அல்லவா, பழைய துணிக்கு யாராவது கஞ்சி போடுவார்களா என்று? நானும் கேட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரர்கள் தானம் கொடுத்தாலும் முறையாகத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று பதிலும் சொல்லிக்கொண்டேன். துரையும் தினம் காக்கிதான் போடுவார். ஒரு சிலுவார் இடுப்பு அகலம், ஒன்று ஒடிசல், இன்னொன்று இரண்டுக்கும் நடுவில். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: பாவம், துரை இந்த நாட்டுக்கு வந்த பிறகு இளைத்தும் பெருத்தும் போயிருக்கிறார். இவ்வளவு மூளையை நான் வேறு எதிலாவது செலவழித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன், துரைசானி துணி அனுப்பிவிட்டார், நல்ல காக்கி என்று. "ம்" என்றார். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. அதன்பிறகு நாலு நாள் அவர் கண்ணெதிரில்தான் வெட்டினேன். மூன்று போர்வை. காலர்களைப் பிரித்து ஓரத்தில் வைத்துத் தைத்தேன். பிள்ளைகள் வாயில் வைத்துக் கடிக்கும் இடம் அது, கெட்டியாக இருக்கட்டும் என்று. பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் அப்படியே விட்டேன், பார்க்க நன்றாக இருந்தது. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் ஆயாவிடம் கொடுத்தேன். அவள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். என் வாழ்க்கையிலேயே எனக்குப் பெருமையாக இருந்த நாள் அது. மூன்று நாள்கூட நிலைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரர் பசியாற வந்திருந்தார். வாசலில் ஒரு ஜீப்பும் பின்னால் ஒரு லாரியும் வந்து நின்றன. ஜீப்பிலிருந்து சுங்கை பட்டாணி இன்ஸ்பெக்டர் இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லிசாகப் பேசுகிறவர். லாரியில் டோபி சின்னையா உட்கார்ந்திருந்தார், கையில் விலங்கோடு. பீடோங்கிலிருந்து வாராவாரம் சைக்கிளில் வந்து போலீஸ் கொட்டகைக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவர். நாலு பிள்ளைகள். எறும்புக்குக்கூட வழிவிட்டுச் சைக்கிளை மிதிக்கிற மனுஷன்.

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். போன வாரம் ஆறு பேருடைய உடுப்பையும் கொண்டுவந்த டோபி, வழியில் சோதனைக்கு நின்றதால் தாமதமாகிவிட்டது என்றும், ஊரடங்குக்கு முன்னால் குன்றேறி இறங்க முடியாமல் கிராணி வீட்டு வராந்தாவில் வைத்துவிட்டுப் போனதாகவும் சொல்கிறானாம். கொட்டகைக்கு உடுப்பு வந்து சேரவில்லை. இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆறு பேர் போலீஸ் உடுப்போட கேட்டுக்கு வந்தா ஆர் மறிக்கிறது? உடுப்பு காட்டுக்குப் போயிருந்தா இந்த ஆளை நான் விட ஏலாது. உள்ள வைச்சு, பிறகு நாட்டை விட்டே கப்பல் ஏத்திப்போடுவினம்."

என் வீட்டுக்காரர், "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் மூட்டை எதையும் பார்க்கல" என்றார்.

டோபி ஒருதரம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு அந்த விலங்கைப் பார்த்தேன். வெளியே வந்தேன்.

"அந்த உடுப்பு என்கிட்டதான் இருந்திச்சு."

"இப்ப எங்க?"

"ஆயாக்கொட்டகையில. பிள்ளைங்க மேல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார என்ன உரிமை இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

எல்லாருமாக ஆயாக்கொட்டகைக்கு ஊர்வலம் போனோம். முன்னால் இன்ஸ்பெக்டர், அடுத்து நான், எனக்குப் பின்னால் துப்பாக்கியோடு போலீஸ் கொட்டகையின் கோப்ரலும் ஆறு கான்ஸ்டபிள்களும், கடைசியில் டோபி. ஆயா வாசலில் குறுக்கே நின்று, பிள்ளை தூங்குது, எழுந்தபிறகு வாங்க என்றாள். கம்யூனிஸ்டுக்குப் பயந்த அத்தனை துப்பாக்கியும் அவள் முன்னால் நின்றன. முழுதாகக் கால்மணி நேரம் நின்றோம்.

பிள்ளைகள் எழுந்தபிறகு போர்வைகளைப் புல்லில் விரித்தார்கள். ஒன்று ஈரம். அதை விரிக்க யாரும் முன்வரவில்லை; கோப்ரல்தான் விரலில் பிடித்து விரித்தார். ஒரு கான்ஸ்டபிள் பையன் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பாக்கெட்டைத் தொட்டு, "இனி சாயா பூன்யா" என்று மலாயில் சொன்னான். தன்னுடையதாம். அழுகிற மாதிரிதான் சொன்னான். அவன் அம்மா தைத்துக்கொடுத்த பட்டனாம். இன்ஸ்பெக்டருக்கு அதெல்லாம் போதாது. துண்டு துண்டாகக் கிடக்கிற துணியில் ஆறு உடுப்பும் இருக்கிறது, ஒன்றுகூட வெளியே போகவில்லை என்று எப்படி நம்புவது? டோபிதான் வழி சொன்னார். ஒவ்வொரு சட்டைக் காலருக்குள்ளும் அவர் கறுப்பு மையில் குறி போடுவார். ஆறு குறி இருந்தால் ஆறு சட்டை.

எண்ணினார்கள். ஐந்து குறிதான் இருந்தது.

மறுபடி எண்ணினார்கள். ஐந்துதான். டோபி புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் மூன்று போர்வையையும் புரட்டினேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று நூறு தரம் சொன்னேன். நல்லெண்ணத்துக்குக் கணக்கில் இடமில்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "தையல் நல்ல வடிவா இருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் போர்வையைப் பாராட்டிய ஒரே ஆள், என்னை உள்ளே தள்ள வந்தவர்தான்.

வாக்குமூலம் எழுத மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்திருந்தது போலீஸ்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கோப்பி கொடுக்காமல் இருப்பது எப்படி? கொதிக்கிற கோப்பிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தேன். டோபி என் கையையே பார்த்தார். எழுந்தார். இரண்டு மாத்தாக்கள் அவர் தோளைப் பிடித்தார்கள்.

"அம்மா, அந்தப் பிடிதுணி. அதுல என் குறி இருக்குலா."

சூடு பொறுக்காமல் சட்டியை இறக்க வைத்திருந்த பிடிதுணி. ஆறாவது காலரை நாலாக மடித்து அடுப்படிக்கென்று நானே தைத்தது. கரி படிந்திருந்தாலும் உள்ளே குறி இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒரு தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். விலங்கைக் கழற்றச் சொன்னார். டோபி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, முதலில் கேட்டது ஒரு வாய் கோப்பி. ஊற்றிக் கொடுத்தேன். சட்டியை முந்தானையால் பிடித்திருந்தேன், சுட்டது தெரியவில்லை.

மூன்று போர்வையையும் சாட்சிப் பொருள் என்று கொண்டுபோய்விட்டார்கள். திரும்ப வரவே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் எந்தக் குழந்தை தூங்குகிறதோ தெரியாது. என் கல்யாணப் புடவையை வெட்டிப் பிள்ளைகளுக்கு வேறு போர்வை தைத்தேன். துரைசானியின் மூட்டை அடுத்த வாரம் வந்தது: கிழிந்த துவாலை மூன்று, குதிரைக்காரன் தொப்பி ஒன்று. கஞ்சியும் இல்லை, இஸ்திரியும் இல்லை.

இதுவரைக்கும்தான் எல்லாரும் சொல்லும் கதை. சொல்வதில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். நான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினதையும், துரை இளைத்துப் பெருத்ததையும் நடித்தே காட்டுவார். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும்.

எங்கள் மகள் கல்யாணத்துக்கு டோபி சின்னையா வந்திருந்தார். அப்போது பீடோங்கில் சொந்தமாக வெளுப்புக் கடை வைத்திருந்தார். பந்தியில் யாரோ கதையை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், டோபி மட்டும் சிரிக்கவில்லை. இலையை மடித்துவிட்டு என்னிடம் வந்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்க மேல தப்பே இல்லம்மா. மூட்டைய வச்சிட்டு, கேட்டுகிட்ட ஐயாவப் பார்த்து மாத்தா துணின்னு சொல்லிட்டுத்தான் போனேன். வீட்டுல சொல்லிடுறேன்னாரு. அன்னிக்கு அவரே தெரியாதுன்னதும், கிராணிய எப்படிப் பொய்யாக்குறதுன்னு பேசாம இருந்துட்டேன்."

கையில் விலங்கோடு இருந்தவர் பேசாமல் இருந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பொய் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிரித்த முகத்தோடு வெற்றிலைத் தட்டை நீட்டினேன். எல்லாரும் போனபிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன். முதலில் மறந்துவிட்டேன் என்றார். பிறகு, "பயந்துட்டேன்" என்றார். பயம் எனக்கு இல்லையா? டோபிக்கு இல்லையா? அந்த மனுஷனைக் கப்பலேற்றியிருந்தால் நாலு பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அத்தனை வருஷம் என்னைச் சொல்லிச் சிரித்த வாய் அன்றைக்கு அடைத்துப்போனது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். அவர் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிச் சிலுவார், இரண்டு இருந்தது. இந்தத் தடவை யாருடையது என்று நன்றாகத் தெரிந்தே வெட்டினேன். பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே விட்டேன். டோபியின் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் இவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார்.

"என் சிலுவார் எங்க?"

"பீடோங்ல. பிள்ளை மேல."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கண்ணாடியோ சாவியோ காணாமல் போய் யாராவது எங்கே என்று கேட்டால், பேரன்கள் வரைக்கும் ஒரே பதில்தான்: பீடோங்ல, பிள்ளை மேல. கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள், இவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். அந்தச் சிரிப்புக்கு மட்டும் நான் கோபப்படுவதில்லை.