நோயாளியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தவர்

உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போகிறவர்களில் பல வகை உண்டு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், பேச்சுவாக்கில் அதைத் தானே உரித்துத் தின்றுவிட்டு வருகிறவர் ஒரு வகை. இதே நோயில் தன் சித்தப்பா எப்படிச் செத்தார் என்பதைக் கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாக விவரிக்கிறவர் இன்னொரு வகை. இவர்களால் பெரிய ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது வகையைப் பற்றி. இவர் தர ஆய்வாளர்.

அரசாங்கம் இவரை நியமிக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் மருத்துவமனைக்குள் கால் வைத்த உடனே இவருடைய பணி தொடங்கிவிடும். ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை இழுத்து, நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேவையே இல்லாமல் கழிப்பறைக்குள் போய்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் ஜெனரேட்டர் உண்டா, லிஃப்ட் உண்டா, வண்டி நிறுத்துமிடத்தில் நிழல் உண்டா என்று விசாரிப்பார். அண்ணாந்து மின்விசிறி இறக்கையைப் பார்த்து, மூக்கை இரண்டு முறை உறிஞ்சி, "மெயின்டனன்ஸ் பத்தாது" என்று தீர்ப்பு வழங்குவார். நோயாளியா? அவர் கட்டிலில்தானே இருக்கிறார், எங்கே போய்விடப் போகிறார்?

அன்பில்லாத மனிதர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அன்பில்லாதவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார்.

நான் அறிந்தவரை இந்த இனத்தின் குறையற்ற மாதிரி கள்ளக்குறிச்சி சர்புதீன். துருகம் சாலையில் டைல்ஸ், குழாய், வாஷ்பேசின் விற்கும் கடை வைத்திருக்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைக் குனிந்து பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் பார்த்தார் என்றும், கல்யாணம் முடிந்த பிறகே பெண்ணைப் பார்த்தார் என்றும் அவர் மனைவி சொல்லுவார். அந்தத் தரை நல்ல தரையாம்.

இந்தச் சர்புதீனின் அக்கா காசிம் பீவி. அக்காவின் கணவர் சாதுல்லா மணலூர்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடைக்காரர். மக் வாங்க வந்தவரிடம் பேசிப் பேசி வாளியையும், வாளியோடு முறத்தையும் கொடுத்து அனுப்பும் வாய். ஒருநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது அந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சைக் கொடுக்க முடியவில்லை. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. அந்த வார்த்தை "சரி".

பசிக்கிறதா என்றால் "சரி". பசிக்கவில்லையா என்றாலும் "சரி". மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடி பட்டால் சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும் என்றும், அவர் வேறு எதையோ சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும் என்றும் டாக்டர் விளக்கினார். சர்புதீன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே டாக்டர் அறையின் தரையில் ஒரு டைல்ஸ் தூக்கிக்கொண்டிருப்பதையும் கவனித்தார்.

அடுத்து நடைப் பயிற்சி, கைப் பயிற்சி. கச்சிராயபாளையம் சாலையில் ஓர் இடம் இருந்தது. பழைய கல்யாண மண்டபத்தை வாங்கி மறுவாழ்வு மையம் என்று பெயர்ப் பலகை மாட்டியிருந்தார்கள். சாதுல்லாவை அங்கே சேர்த்தார்கள். காசிம் பீவி தம்பி வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் போனால் பொழுது சாயும்வரை கணவரோடு இருந்தார்.

சர்புதீனுக்குப் பெயர்ப் பலகையிலேயே ஆட்சேபம். "மறுவாழ்வுன்னு போட்டா குடிகாரங்கள சேக்கற எடம்னு நெனச்சிக்க மாட்டாங்களா? நம்ம மச்சான் டீயே கம்மியா குடிக்கற ஆளு."

உள்ளே போனார். தரை பழைய மொசைக். மணமேடை இருந்த இடத்தில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் வலியில் கத்தினார். இன்னொருவர் பிசியோதெரபிஸ்டின் குடும்பத்தையே திட்டினார். சாம்பார் வாசனையும் பினாயில் வாசனையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இதற்கு நடுவே சாதுல்லா ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து, தடித்த பிடி போட்ட ஸ்பூனை வலது கையில் வைத்து, இடது கையால் அந்தக் கையைத் தாங்கி, சாம்பார் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பாதி வாய்க்குப் போனது. மீதி சட்டையில் இருந்தது.

சர்புதீனின் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது.

"ஏம்மா, இத்தினி பேர் வேலைக்கு இருக்கீங்க. ஒரு மனுசனுக்கு ஊட்டி வுட ஆள் இல்லியா?"

பிசியோதெரபிஸ்ட் லிடியா நைனார்பாளையத்துப் பெண். அன்று காலையிலிருந்து திட்டு வாங்கிக் களைத்திருந்தார். "அவரே சாப்புடணும்ங்க. கொட்டுனா கொட்டட்டும். ஊட்டி வுட்டா கை வராது."

"நேத்து கீழ வுழுந்தாராமே?"

"வுழுந்தார்ங்க. பக்கத்துல ஆள் இருந்தோம், புடிச்சிட்டோம். நடக்க வுட்டா சில நேரம் அப்படி ஆகும்."

"சில நேரம் ஆகுமா?" என்று சர்புதீன் திருப்பிக் கேட்டார். கடையில் உடைந்த டைல்ஸைப் பற்றி லாரிக்காரர் இதே பதிலைச் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் புறவழிச் சாலையில் ஒரு புது மையம் திறந்திருந்தது. பெயர் வேண்டாம். சர்புதீன் தனியாகப் போய் ஆய்வு செய்தார். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு மீன் தொட்டி, முகம் தெரியும் தரை, அதுவும் முதல் தரம், சுவரும் தரையும் சேருமிடத்தில் ஒரு மயிரிழை பிசகவில்லை, லாவண்டர் வாசனை, ஒவ்வோர் அறையிலும் டி.வி.; ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருந்தது. கத்தல் இல்லை, திட்டு இல்லை. நோயாளிகள் அத்தனை பேரும் வெள்ளைப் போர்வைக்குள் அமைதியாக இருந்தார்கள். கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்த சர்புதீனின் முகத்தில், மக்கா போய் வந்தவர்களிடம் காணப்படும் ஒரு நிறைவு தெரிந்தது.

மேலாளர் பெயர் டென்னிஸ், கழுத்துப் பட்டை கட்டியவர். "நம்ம சென்டர்ல இதுவரைக்கும் ஒரு பேஷன்ட்கூட கீழ விழுந்தது கிடையாது சார்" என்றார்.

இதைவிட வேறென்ன வேண்டும்? படுத்தே இருப்பவர் எங்கிருந்து விழுவார் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கென்ன, கட்டுரை படிக்கிறீர்கள். அந்த மீன் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தால் உங்களுக்கும் தோன்றியிருக்காது.

மறுநாள் மொசைக் தரையில் நின்றபடி சர்புதீன் முறைப்படி நோயாளியின் கருத்தையும் கேட்டார். அவர் ஜனநாயகவாதி.

"மச்சான், வேற நல்ல எடம் ஒண்ணு பாத்திருக்கேன். போலாமா?"

சாதுல்லாவின் இடது கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. "சரி" என்றார்.

"பாத்தியாக்கா? அவரே சொல்லிட்டாரு."

காசிம் பீவி தயங்கினார். "அவருக்கு அது ஒண்ணுதானேடா வருது. மூஞ்சிய பாரு. இங்க கத்தலும் திட்டுமா இருந்தாலும் ரெண்டு தபா நடந்துட்டாரு."

"ரெண்டு தபா நடந்தாரு, ஒரு தபா வுழுந்தாரு. இடுப்பு ஒடஞ்சா நீ பாப்பியா? நான் எல்லாம் பாத்துட்டேன்க்கா. வுடு."

தம்பி வீட்டில் தங்கியிருப்பவர் தம்பியிடம் எவ்வளவு நேரம் வாதாட முடியும்? சாதுல்லாவை வண்டியில் ஏற்றினார்கள். லிடியா வாசல்வரை வந்தார். தடித்த பிடி போட்ட அந்த ஸ்பூனைக் காசிம் பீவியிடம் கொடுத்தார். உடனே திரும்பினார். உள்ளே ஒருவர் அவரைத் திட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

புது இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கையுறை போட்ட பெண் கூழாக்கிய உணவை ஊட்டினாள். சட்டையில் ஒரு துளி சிந்தவில்லை. பார்வையாளர் நேரம் மாலையில் கொஞ்சம். மற்ற நேரம் உறவினர்கள் வந்தால் சுத்தம் கெடும் என்றார்கள். சர்புதீன் அதையும் பாராட்டினார். பயிற்சி உண்டா என்று அக்கா கேட்டபோது, கீழ்த்தளத்தில் உறை பிரிக்காத இயந்திரங்களைத் தான் பார்த்ததாகச் சொன்னார். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. மாலைதோறும் கடையிலிருந்து வந்து ஜன்னலோரம் நின்று மலையைப் பார்ப்பார். கட்டில் எதிர்ப்புறம் திரும்பியிருந்ததால் சாதுல்லாவுக்கு டி.வி. தெரிந்தது. அதில் யாரோ வைர நகைக்கு விளம்பரம் செய்துகொண்டே இருந்தார்கள்.

"நல்லா பாத்துக்கிறாங்களா மச்சான்?"

"சரி."

சர்புதீன் கைப்பேசியில் அந்த மையத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். படங்களும் ஏற்றினார். மீன் தொட்டி, தரை, வாஷ்பேசின், மலை. எந்தப் படத்திலும் சாதுல்லா இல்லை.

காசிம் பீவி வேறு சிலவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டே வந்தன. பிரித்துவிட்டால் முகம் சுளித்தார். கொண்டுவந்த ஸ்பூனை அந்தக் கையில் வைத்தால் பிடிக்கவில்லை. மாலையில் அவர் கண்கள் வாசலைப் பார்ப்பதுகூட நின்றுபோனது. தம்பியிடம் சொன்னார். "ரெஸ்ட் எடுத்துக்கினு இருக்காருக்கா" என்றார் தம்பி.

ஒரு மாலை, துணி மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. காசிம் பீவி கதவைச் சாத்திக்கொண்டு தானே கைலியை மாற்றப் போனார். கணவரை ஒருக்களித்துத் திருப்பினார். லாவண்டரை மீறி ஒரு வாடை வந்தது. கைலியை விலக்கிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, வராந்தாவில் டென்னிஸோடு பேசிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"சர்பு, இங்க வா. இத பாரு."

முதுகின் அடியில், இடுப்பெலும்புகளுக்கு நடுவே, உள்ளங்கை அளவுக்குச் சதை கறுத்து வெடித்துக் குழி விழுந்திருந்தது. படுக்கைப் புண். நாள்கணக்காகத் திருப்பிப் போடாமல் கிடந்தால் வருவது. சர்புதீன் பார்த்தார். எத்தனையோ தரைகளைக் குனிந்து பார்த்த மனிதர், அன்று மச்சானின் முதுகைக் குனிந்து பார்த்தார். கட்டில் கம்பியைப் பிடித்தார்.

"வலிச்சுதா மச்சான்? ஏன் சொல்லல?"

சாதுல்லா சுவரைப் பார்த்தபடி இருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

"சரி" என்றார்.

டென்னிஸ் உள்ளே வந்து வயதானவர்களுக்குத் தோல் மெலிது என்று தொடங்கினார். காசிம் பீவி கைலியைச் சரிசெய்துகொண்டே, "வண்டிய கூப்புடு சர்பு" என்றார். தம்பி கூப்பிட்டார்.

புண்ணைச் சுத்தம் செய்து ஆற வைக்கவே ஆஸ்பத்திரியில் நெடுநாள் பிடித்தது. காய்ச்சல் ஏறி ஒரு கட்டத்தில் உயிருக்கே பயந்தார்கள். அந்த நாட்களில் சர்புதீன் கடைக்குச் சரியாகப் போகவில்லை. கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, செவிலியர் மச்சானைத் திருப்பிப் போட வரும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

திரும்பவும் மொசைக் தரை. லிடியா சாதுல்லாவின் கையைத் தூக்கிப் பார்த்தார், விரல்களைப் பிரித்துப் பார்த்தார். "கால் வந்துரும்ங்க. கை..." என்று இழுத்து, "பாப்போம்ங்க" என்று முடித்தார். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சர்புதீனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி கம்பி, மறுபடி கத்தல். இந்த முறை திட்டுகிறவர்களில் சாதுல்லாவும் உண்டு. திட்ட வாயெடுத்துச் "சரி, சரி, சரி" என்று கத்துவார். அத்தனை கோபமான சம்மதத்தை அந்த மண்டபம் எந்தக் கல்யாணத்திலும் கேட்டிருக்காது.

ஒரு மத்தியானம் சர்புதீன் போனபோது சாப்பாட்டு நேரம். இப்போது இடது கையில்தான் ஸ்பூன். பருப்பு சட்டையில் ஒழுகியது. சர்புதீனுக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்பூனை மெல்ல வாங்கி, ஒரு வாய் எடுத்து நீட்டினார்.

சாதுல்லா வாயைத் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு இரண்டு முறை கூடிக் கூடிப் பிரிந்தது.

"வே... வேணாம்."

காசிம் பீவியின் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. கம்பியருகே இருந்த லிடியா திரும்பிப் பார்த்தார். சர்புதீன் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்துக்கொண்டு, மச்சான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் ஆனது. தரையெல்லாம் பருப்பு.

சாதுல்லா இன்று கடையில் உட்கார்ந்திருக்கிறார். கைத்தடி ஊன்றி நடக்கிறார். பத்துப் பன்னிரண்டு வார்த்தை வருகிறது. விலை சொல்ல அது போதும். வலது கை மட்டும் திரும்பவில்லை. மூடிய கை மூடியபடி மடியில் கிடக்கிறது.

சர்புதீன் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். திருந்திவிட்டார். இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தரையைப் பார்ப்பதில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய், "கொஞ்சம் திரும்பிப் படுங்க, முதுக பாக்கணும்" என்கிறார். போன மாதம் கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட ஒருவரையும் திருப்பிப் பார்த்தார் என்று கேள்வி. அந்த மனிதருக்குக் கண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதாகத் தகவல் இல்லை.

படித்துக்கொண்டே உங்களுக்குத் தெரிந்த நாலைந்து சர்புதீன்களை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே ஒன்று சொல்லுங்கள். கடைசியாக ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தீர்களே, வீட்டில் விசாரித்தபோது என்ன சொன்னீர்கள்? ரூம் விசாலம், ஏ.சி. சத்தம் போடவில்லை, கேன்டீனில் தோசை பரவாயில்லை, வண்டி நிறுத்தத் தாராளமாக இடம். சரி, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருப்பார்களே? "நல்லாத்தான் இருக்காரு" என்றிருப்பீர்கள்.

அது அவர் சொன்னதா, நீங்கள் சொன்னதா?