பலவேசம் அண்ணாச்சியின் சீர்ஷாசனம்

மூன்று நாள் யோகா முகாமுக்குப் போய்விட்டு, முப்பது வருஷம் இமயமலையில் இருந்தவர்போல் திரும்பிவருகிற ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருக்கும். சிவகாசியில் அச்சாபீஸ் நடத்தும் பலவேசம் அண்ணாச்சி அந்த இனத்தின் தலைமகன்.

முதுகுவலி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், டீ ஆறுவதற்குள் ஓர் ஆசனத்தின் பெயரை எடுத்துவிடுவார். "தலைகீழா நிக்கிறதுன்னு சொல்லாதீக. சீர்ஷாசனம். சீர்ஷம்னா தலை." சர்க்கரைக்கும் அதுதான், மறதிக்கும் அதுதான், வராத ஆர்டருக்கும் அதுதான். தினமும் அரைமணி நேரம் நிற்கிறாராம். எங்கே? பூட்டிய அறையில். மனைவி பாலம்மாள் காலைப் பிடித்தும் இரண்டே நொடியில் அவர் அலமாரியோடு சரிந்தது ஊருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை.

வியாபாரிகள் சங்கத்தில் ஒருநாள் நின்று காட்டச் சொல்லிவிட்டார்கள். தன் அச்சாபீஸ் போடும் 2006 காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தப்பித்தார். கையைத் தலைக்குப் பின்னால் கோத்து, சுவரோரம் காலூன்றி விறைப்பாக நின்று படமெடுத்துக்கொண்டார். ஸ்டுடியோவிலேயே அதைத் தலைகீழாகத் திருப்பி, கீழே ஆசனத்தின் பெயரையும் போட்டு அச்சுக்கு அனுப்பினார். புரூப் பார்க்கவேண்டிய அன்று இரண்டாவது முகாமுக்குப் போய்விட்டார்.

திரும்பிவந்தபோது சாத்தூர் முதல் தாயில்பட்டி வரை காலண்டர் போய்ச் சேர்ந்திருந்தது. அதில் அண்ணாச்சி காலூன்றி நேராக நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷமாக மிஷின் பார்க்கும் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு, ஏன் இப்படி என்று கேட்டார். அவர் சொன்னார்:

"படம் மாறி வந்துருச்சு மொதலாளி. கழுத்துச் செயின் தொப்புளைப் பாத்துல்ல தொங்குது? தலைகீழா நின்னா மூஞ்சியில விழுகும்ல. நான்தான் நேராக்குனேன்."

திட்டலாம். திட்டினால் செயினுக்குப் பதில் சொல்லவேண்டும். அண்ணாச்சிக்கு அழுகையே வந்தது. ஆனாலும் சங்கத்துக்குப் போய்த்தானே ஆகவேண்டும்? போனார். காலண்டரும் கையுமாக எல்லாரும் காத்திருந்தார்கள்.

"தலைகீழா நிக்கிறது ஆரம்பக்காரங்களுக்கு," என்றார். "முத்துனவுக இப்படி நின்னுக்கிட்டே செய்வாக."

ஒருவரும் சிரிக்கவில்லை. பொங்கலுக்குள் சங்கத்தில் ஐந்து பேர் அதிகாலையில் கையைத் தலைக்குப் பின்னால் கோத்து நிற்கத் தொடங்கினார்கள். முதுகுவலி போய்விட்டதென்று ஒருவர் சொல்ல, அண்ணாச்சியே அதை நம்பிவிட்டார்.

சிரிக்காதீர்கள். முகாமில் வாங்கிய யோகா விரிப்பு இப்போது உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? என் வீட்டில் அதன்மேல் வடகம் காய்கிறது. கேட்பவர்களிடம் தினமும் செய்வதாகத்தான் சொல்லிவருகிறேன். நீங்களும் அப்படித்தானே?