விபிதியஸின் மூளை ஒழுகிய கதை

"அதைத் தூக்கிப் போடாதீங்க, விபிதியஸ்! அது மூளை!"

மூக்கைத் துடைத்த துணியைச் சன்னல் வழியே எறியப் போன கிழவர் அப்படியே நின்றார். வைத்தியர் நிகெராத்தோஸ் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சந்தேகமே இல்லை. மூளை குளிர்ந்து, உருகி, மூக்கு வழியா இறங்குது. ஒவ்வொரு தும்மலுக்கும் கொஞ்சம் போயிருக்கு."

"மூளையில என்னய்யா இருக்கு?"

"ஞாபகம் பூரா அங்கதான்."

விபிதியஸ் அந்தத் துணியைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். ரோமாபுரியின் அந்த நாலாம் மாடி அறையில் அவருக்கென்று மிஞ்சியிருந்தது, இறந்துபோன மனைவி ஃபாதியாவின் ஞாபகம் ஒன்றுதான். விடிந்ததும் படுத்தபடியே அவளை நினைத்துப் பார்ப்பார். அவள் திட்டும் குரல்வரைக்கும் எல்லாம் பத்திரமாக இருந்தால்தான் எழுந்திருப்பார். பாவம், இன்றைக்கு அவள் மோவாய் மச்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"அச்சூ!"

"நல்லாயிருங்க!" என்றது பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல். தும்மினவரை வாழ்த்தாமல் விடுவது அந்த ஊரில் பெரிய பிழை. கிடங்குச் சாக்குகளுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைக்கும் பக்கத்து அறை விதவை ஒப்பியா, இந்தக் குளிர்காலம் முழுக்க அவருடைய ஒரு தும்மலையும் விட்டதில்லை.

"நீங்களும் நல்லாயிருங்கம்மா!"

அந்தக் கட்டடத்தில் விபிதியஸ் பேசும் பேச்சு அவ்வளவுதான்.

நிகெராத்தோஸ் தலைக்குச் சூடாகக் கம்பளித் தொப்பி மாட்டினார். வேர்த்துக் கொட்டியது, மூக்கு இன்னும் ஒழுகியது. எதிர்த்தெரு வைத்தியரோ அதைப் பிடுங்கி எறிந்தார்.

"எந்த மடையன் சொன்னான்? ஞாபகமெல்லாம் நெஞ்சுல இருக்கு. மூளைங்கிறது நெஞ்சைக் குளிர வைக்கிற ஈரப்பஞ்சு!"

சொல்லிவிட்டு ஒரு குடம் குளிர்ந்த நீரைத் தலையில் கவிழ்த்தார். தும்மலோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

யார் சொல்வது சரியோ, எதற்கும் இருக்கட்டும் என்று விபிதியஸ் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டார். அடுத்த தும்மலில் பஞ்சு பறந்துபோய் விளக்கை அணைத்தது.

"நல்லாயிருங்க!"

"எங்கம்மா நல்லாயிருக்கிறது? மச்சம் எந்தப் பக்கம்னே தெரியலையே!" என்று சுவரைப் பார்த்து அழுதுவிட்டார்.

சுவருக்கு அப்பால் சாக்கை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் நிகெராத்தோஸ் துளைக்கருவியோடு வந்தார்.

"மண்டையில சின்னதா ஒரு ஓட்டை. ஈரம் மேல் வழியா காஞ்சிரும். மிச்ச மூளை தப்பிச்சுக்கும்."

"ஃபாதியா மிஞ்சுவாளா?"

"பார்ப்போம். உங்க காலைப் பிடிச்சுக்க யாராச்சும் இருக்காங்களா?"

விபிதியஸ் யோசித்துப் பார்த்தார்.

"யாருமில்லைங்க."

இரும்பு நெற்றியைத் தொட்டபோது கதவு படாரென்று திறந்தது. குள்ளமாக ஒரு கிழவி, கையில் ஒரு வெறும் சாக்கு. குரலுக்கு ஒரு முகம் இருப்பதை விபிதியஸ் அன்றுதான் பார்த்தார்.

"அவரு மண்டையில ஓட்டை போடாதீங்கய்யா! சுவத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அது வழியா மிளகுச் சாக்கை உதறுறது நான்தான்... அவரு தும்மினாத்தானே, எனக்கு 'நல்லாயிருங்கம்மா'ன்னு சொல்ல ஒரு ஆளு!"