விசில் அண்ணாச்சி காத்த தெரு

கோவில்பட்டியில் திருடனுக்குப் பயந்தவர்களைவிட விசில் அண்ணாச்சிக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். திருடனாவது வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவான். அண்ணாச்சி நாம் இருக்கிற நேரம் பார்த்து வந்து, கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணம் முடிந்த கையோடு ஊரின் ஓரத்தில் ஒரு காலனிக்குக் குடிவந்தேன். கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடம். மழை பெய்தால் செருப்பு மண்ணோடு போய்விடும், வெயில் அடித்தால் வாசலில் வெடிப்பு விடும். வாடகை குறைவு, காற்று நன்றாக வரும் என்றெல்லாம் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் கூட்டிவந்தார். அண்ணாச்சி இருப்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பையையும் டிக்கெட் கட்டையும் டிப்போவில் ஒப்படைத்துவிட்டு விசிலை மட்டும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அவரைக் கட்டிய ஆச்சியே 'விசில் சாப்பிட வரலியா' என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

தெருமுக்கில் ஒரு வேப்பமரம், அதன் கீழே அவருடைய இரும்பு நாற்காலி. தெருவை அவர் பஸ்ஸாகத்தான் நினைத்தார். புது ஆள் உள்ளே வந்தால் ஒற்றை விசில், அந்த ஆள் வெளியே போனால் இரட்டை விசில். எவர்சில்வர் வியாபாரியோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரோ, யாராக இருந்தாலும் ஒரே கேள்விதான்: "எங்கன ஏறுனீய? எங்கன எறங்கணும்?"

என் அப்பா முதல்தடவை என்னைப் பார்க்க வந்தபோது, முருங்கைக்காய்க் கட்டும் முறுக்கு டின்னுமாக அந்த மரத்தடியில் மாட்டிக்கொண்டார். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றிருக்கிறார். மகள் எப்படி, பேசுகிற ஆளா என்று அண்ணாச்சி விசாரித்திருக்கிறார். பெற்ற பாசத்தில் அப்பா, "எம்பிள்ள வாயே தொறக்க மாட்டா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

"அப்படி ஒரு பிள்ள இந்தத் தெருவுலயே கெடையாதே" என்று அண்ணாச்சி அவரை உட்காரவைத்துவிட்டார்.

நான் போய் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்த பிறகுதான் அப்பா உள்ளே வர முடிந்தது. அன்றிலிருந்து அண்ணாச்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் பட்டப்பகலில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டரும் பித்தளை அண்டாவும் காணாமல் போயின. போலீஸ்காரர்கள் வந்தார்கள். சாவி எங்கே இருந்தது என்று கேட்டார்கள். பூந்தொட்டிக்கு அடியில் என்றார் வீட்டுக்காரம்மா. வந்திருந்த ஏட்டு சும்மா இருக்காமல் அடுத்த வீட்டுத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் ஒரு சாவி இருந்தது. மூன்றாவது வீட்டில் தொட்டி இல்லை, அதனால் மீட்டர் பெட்டியில் இருந்தது.

எங்களைச் சொல்லியும் குற்றமில்லை. கோவில்பட்டியில் நல்லித் தண்ணீர் என்றைக்கு வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாரம் தாண்டி வரும், வந்த வேகத்தில் போய்விடும். அதனால் ஊருக்குப் போகிறவர்கள் நகையைக்கூடக் கையோடு எடுத்துப்போவார்களே தவிர, சாவியை எடுத்துப்போக மாட்டார்கள். அது தெருவில்தான் இருக்கும். தண்ணீர் வந்தால் பக்கத்து வீட்டு அக்கா திறந்து தொட்டியை நிரப்பிவைப்பாள். தண்ணீர் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வருவதைவிடத் திருட்டுப்போன வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்பது எங்கள் கட்சி.

அண்ணாச்சி இந்தக் கட்சியை உடைத்தார். பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம் போட்டார். ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ. வந்து, ஊருக்குப் போனால் தகவல் சொல்லுங்கள், கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடிக்கொண்டு நடங்கள் என்று சுருக்கமாகப் பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அண்ணாச்சி பேசினார். கூட்டத்தில் பாதிப் பேர் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள், எழுந்து போகவும் பயம். சாவி இனிமேல் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது, அவரவர் இடுப்பிலேயே இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் விசில் கொடுத்தார். அப்புறம் முக்கியமான பாடத்துக்கு வந்தார்.

"திருடன் திருடன்னு சொல்லிக்கிட்டா வருவான்? தம்பிம்பான், மச்சான்ம்பான். வீட்டுக்காரர் பேரச் சரியாச் சொல்லுவான். நம்பிராதீங்க."

இந்தப் பாடத்தை எங்கள் தெருப் பெண்கள் படித்த மாதிரி பள்ளிக்கூடத்தில் எதையும் படித்ததில்லை. அடுத்த வாரமே, திருச்செந்தூரில் மொட்டை போட்டு மீசையும் எடுத்துவிட்டு வந்த செல்லத்தாய் அக்காவின் புருஷனை நாலு வீட்டு விசில் சேர்ந்து வரவேற்றது. அவர் தன் பெயரைச் சரியாகச் சொன்னார். அதனாலேயே சந்தேகம் வலுத்தது. அக்கா வந்து குரலைக் கேட்டுத்தான் உள்ளே விட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், ஜெயராணி டீச்சர் ஓட்டப்பிடாரத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போகும்வரை. டீச்சர் புருஷனை இழந்தவர், தனியாக இருந்தார். அதுவரை அவர் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்காவிடம்தான் இருக்கும். இந்தத் தடவை அண்ணாச்சி சட்டப்படி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத் தண்ணீர் வந்தாலும் வரும் என்று அவருக்கு அங்கே போன பிறகுதான் உறைத்திருக்கிறது. துக்க வீட்டுக்கு வந்திருந்த தன் தம்பியிடம் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தத் தம்பி பக்கத்தில் எப்போதும்வென்றான் என்ற ஊரில் பிறந்தவர்தான், ஆனால் சின்ன வயதிலேயே பம்பாய்க்குப் போய் மில்லில் கிடந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். எங்கள் தெருவில் அவரை யாரும் பார்த்ததில்லை.

மத்தியானம் தண்ணீர் வந்தது. நாங்கள் எல்லாரும் குடத்தோடு வாசலில் குழாய்க்காக வெட்டிய குழியில் இறங்கி நின்றோம். பேண்ட் போட்ட ஒரு புது ஆள் டீச்சர் வீட்டைத் திறந்து உள்ளே போவதைச் செல்லத்தாய் அக்காதான் முதலில் பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு ஓடி, கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு விசிலை ஊதினாள். தெரு முழுக்க விசில். குடங்களைப் போட்டது போட்டபடி எல்லாரும் ஓடினார்கள்.

உள்ளேயிருந்து அந்த மனிதர், நான் டீச்சர் தம்பி என்றார். தம்பி என்ற வார்த்தையைக் கேட்டதும் கூட்டத்துக்குத் திருடன்தான் என்று உறுதியாகிவிட்டது. டீச்சர் புருஷன் பெயரைக் கேட்டோம், சரியாகச் சொன்னார். அவ்வளவுதான். போதாததற்கு அவருக்குத் தமிழ் தட்டித்தட்டி வந்தது, நடுநடுவே இந்தி எட்டிப்பார்த்தது. டீக்கடையிலிருந்தும் மரக்கடையிலிருந்தும் ஆண்கள் வந்துவிட்டார்கள். கதவைத் திறந்து அவரை இழுத்துவந்து, கொடிக்கயிற்றால் விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். சட்டை கிழிந்தது. ஒருவன் மரக்கடையிலிருந்து, கூரைக்கு அடிக்கிற ரீப்பர் கட்டையே எடுத்துவந்துவிட்டான். அடிக்காதீங்க, போலீசைக் கூப்பிடுங்க என்று நானும் கத்தினேன். வாய்க்குப் பேர்போன என் சத்தம் அன்றைக்கு எனக்கே கேட்கவில்லை. அந்த மனிதரை அங்கேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

அண்ணாச்சி அன்றைக்குத் தெருவில் இல்லை. கடம்பூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். போளிப் பொட்டலத்தோடு தெருமுக்கில் திரும்பியவர் கூட்டத்தைப் பார்த்தார். ஓட்டமும் நடையுமாக வந்து உள்ளே புகுந்தார். ஒற்றை விசில், நீளமாக.

அந்த விசிலுக்கு நின்று பழகிய தெரு நின்றுவிட்டது. ரீப்பர் கட்டை மட்டும் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. அது அண்ணாச்சியின் தோளில் இறங்கியது. அவர் ஒரு முனகல்கூட இல்லாமல் அந்த ஆளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொன்ன மாதிரிதான அண்ணாச்சி செஞ்சோம்?" என்றாள் செல்லத்தாய் அக்கா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆமாம்மா. பிடிக்கச் சொன்னேன். பிடிச்சா அடிக்கக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றார் அண்ணாச்சி. பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "இவிய திருடனாவே இருக்கட்டும்லே. போலீசு இருக்கு, கோர்ட்டு இருக்கு. கட்டிவச்சு அடிக்க நாம யாரு?"

அவர் கயிற்றை அவிழ்த்து அந்த மனிதரைத் தன் இரும்பு நாற்காலிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். எங்கே ஏறினீர்கள் என்று கேட்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார், போளியைப் பிரித்துக் கையில் வைத்தார். தான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். சொல்லி அனுப்பிய போலீஸ் வருவதற்குள் டீச்சரே அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். தம்பியின் கிழிந்த சட்டையைப் பார்த்து, "எய்யா, என்னய்யா ஆச்சு?" என்று அவர் ஓடிவந்ததை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் ஒரு குடம் நிரம்பவில்லை. டீச்சர் வீட்டில் மட்டும் அந்தத் தம்பி உள்ளே போனதும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார், தரைத் தொட்டி தளும்பி நின்றது. சாயங்காலம் குடத்தோடு அந்த வாசலில் போய் நிற்க எங்களுக்குக் கூசியது. அவர்தான் கூப்பிட்டு, கன்னத்தில் வீக்கத்தோடு ஒவ்வொரு குடமாக மொண்டு ஊற்றினார்.

மறுநாள் அந்தத் தம்பி ஊருக்குக் கிளம்பியபோது, கட்டுப்போட்ட தோளோடு அண்ணாச்சி வந்து நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நிறுத்தினார். இது நம்ம டீச்சர் தம்பி என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் வெளியே வந்து, போய்ட்டு வாங்க என்று சொல்லவேண்டியதாயிற்று. ரீப்பர் கட்டைக்காரனும் சொன்னான்.

பஸ் ஸ்டாப் வந்ததும் அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார்: "இனிமே நான் அக்கா வீட்டுக்கு வரலாமா அண்ணாச்சி?"

"என்ன கேள்வி கேக்கீய? வாங்க. நான் முக்குல நிக்கேன்" என்றார் அண்ணாச்சி.

அடுத்த தடவை தண்ணீர் வந்த அன்று, தம்பி வருவதாக டீச்சர் சொல்லியிருந்ததால், காலையிலிருந்தே அண்ணாச்சி நாற்காலியில் உட்காராமல் முக்கில் நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் டீச்சர் தம்பி வந்தார். விசில் ஊதாமல், கையைப் பிடித்தபடி டீச்சர் வீடுவரை கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பினார் அண்ணாச்சி. வரும் வழியில் என் வாசலில் நின்று, கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்டார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நின்று பதில் சொன்னேன்.