தட்டு பாய் கோட்டத் தாண்டுன கதை

சேலத்துல இருந்து தர்மபுரிய தனி ஜில்லாவா பிரிச்சாங்க பாருங்க, அதுக்கு எட்டு வருசமோ, பத்து வருசமோ கழிச்சு. மழ இல்லாம எங்க ஏரி வெடிச்சுக் கெடந்துச்சு. அது நல்லா நெனப்பிருக்குது, அந்த ஏரிக்குள்ளதான் நாங்க தட்டு ஆடுனோம். நல்லம்பள்ளி சுத்துவட்டாரத்துல தன் மேல தானே புகார் சொல்லிக்கிட்ட ஒரே மனுசன் எங்க தட்டு பாய்தாங்க.

பாய்க்கு ஈயம் பூசற தொழிலு. பேரு என்னமோ இருந்துச்சு, ஊருல யாருக்கும் தெரியாது. ஒரு வூட்டு அண்டா ஒழுவுச்சுன்னா, "ஆயா, போன வாட்டி நான்தான் சூடு அதிகமா காட்டிட்டேன்"ன்னு கேக்கறதுக்கு முந்தியே சொல்லிடுவாரு. திட்ட வந்த ஆயா என்ன பண்றதுன்னு தெரியாம மோரு குடுத்து அனுப்பும்.

அந்தப் பஞ்சத்துல போர் கெணறு போட ஒரு வெள்ளக்காரரு வந்தாரு. சாயங்காலமானா ஒரு பிளாஸ்டிக் தட்ட வீசி வெளையாடுவாரு. அது பருந்தாட்டம் மேல நின்னு, சாஞ்சு எறங்கும். அதப் பாத்ததுல இருந்து பாய்க்குத் தொழிலு ஓடல. வெள்ளக்காரரு ஊருக்குப் போறப்ப தட்டயும் குடுத்து ஆட்டத்தயும் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. பக்கத்துக்கு ஏழு பேரு. தட்டு கைல இருக்கறவன் ஓரடி நகரக் கூடாது, நின்ன எடத்துல இருந்தே வீசணும். அந்தக் கோடியில கோட்டுக்கு உள்ள நம்மாளு புடிச்சா பாயிண்டு. நடுவரு கெடையாது. தப்பு பண்ணவனே சொல்லிடணும். பாய்க்குன்னே அளவெடுத்துத் தெச்ச ஆட்டம்.

எவனாச்சும் "அவன் நகந்துட்டான் பாய்"ன்னு சொன்னா போச்சு. "உன் தப்ப நீ சொல்லு. அவன் தப்பு அவனுக்குத் தெரியாதா?"ம்பாரு.

ஒரு நாளு தட்டு விரிசல் வுட்டுடுச்சு. பாய் செம்புக் கம்பியால தெச்சாரு. பித்தளையில ஒண்ணு அவரே அடிச்சும் பாத்தாரு. அது மொத வீச்சுலயே ஒரு பூசணிக்கொடிய அறுத்துட்டு, நேரா போயி எருமை கொம்புல மாட்டிக்கிச்சு. மூணு நாளு அந்த எருமை பால் குடுக்கல. தெச்ச தட்டும் ஒடஞ்சா ஆட்டமே முடிஞ்சுதுங்கற நெலம. கிளப்புன்னு இருந்தா பிளாக் ஆபீஸுல கிராண்டு தர்றாங்கன்னு யாரோ சொன்னாங்க. பாயும் நானும் போனோம்.

மனு எழுதறவரு, "மெம்பரு அம்பதுன்னு போடறேன்"னாரு.

"பதினாலுங்க. அதுலயும் மூணு பேரு ஒழுங்கா வர்றதில்ல. அதயும் எழுதுங்க. சேதம், பூசணிக்கொடி ஒண்ணு, எருமை ஒண்ணு."

கிளார்க்கு படிச்சுட்டு நிமுந்து பாத்தாரு. "ஏன் பாய், கிராண்டு கேக்க வந்தீங்களா, சரணடைய வந்தீங்களா? லிஸ்ட்டுல இந்த ஆட்டமே இல்ல. வாலிபால்னு போட்டுடட்டா?"

"வாலிபால் ஆடலீங்களே."

"யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாக்கறனுங்களே."

"நடுவரு பேரு?"

"இல்லீங்க. தப்பு பண்ணவனே சொல்லிடுவான்."

கிளார்க்கு சிரிச்ச சிரிப்புல உள்ள இருந்து ஆபீசரே வந்துட்டாரு. அவரு சிரிக்கல. "ஞாயித்துக்கெழம வர்றேன். ஆட்டத்தப் பாத்துட்டுதான் கையெழுத்து"ன்னாரு. வெளிய வந்ததும் கிளார்க்கு எங்காதுல சொன்னாரு: "மாதையா, ஜெயிச்சுக் காட்டுங்க. தோத்தவனுக்கு எவன் குடுப்பான்?"

அதியமான்கோட்டை ஆளுங்கள எதிர்க்கக் கூப்புட்டோம். ஏரிக்கரையில ஜீப்பு, நாற்காலியில ஆபீசரு. ரெண்டு பக்கமும் சமம், கடைசி பாயிண்டு. தட்டு என் கைல. ரெண்டு பேரு மறிச்சு நிக்கறாங்க. எப்பிடியோ வீசிட்டேன். பாய் பாஞ்சு வுழுந்து புடிச்சாரு. ஊரே கத்துச்சு.

பாய் எந்திரிச்சு மண்ணத் தட்டுனாரு. என்னைய ஒரு பார்வ பாத்தாரு. தட்டக் கீழ வெச்சுட்டு, "என் காலு கோட்டத் தாண்டிடுச்சுங்க. பாயிண்டு இல்ல"ன்னாரு. பாய் சொன்னா மறு பேச்சு ஏது? அடுத்த வீச்சுல அவங்க ஜெயிச்சுட்டாங்க.

"இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிட்டு இருக்கக் கூடாதா பாய்?"ன்னு எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. நானும் சேந்துதான் திட்டுனேன். பாய் என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு, "முடியல மாதையா"ன்னாரு, அவ்ளோதான்.

ஆபீசரு ஜீப்பு மேலயே மனுவ வெச்சு எழுதுனாரு. "நடுவருன்னு யாரு பேரப் போட?"

"பதினாலு பேரயும் போடுங்க."

எடம் பத்தாம தனிக் காயிதம் ஒட்டுனாங்க. ரெண்டு மாசத்துல பார்சல் வந்துச்சு. புதுத் தட்டு நாலு. கூடவே விசிலு பதினாலு. நடுவருக்கு ஒண்ணுன்னு மேல ஆபீஸுல ரூலாம். "அவங்கவங்க தப்புக்கு அவங்கவங்க ஊதுங்க"ன்னு பாய் பங்கு போட்டுட்டாரு. அந்த வருசம் பூரா எங்க ஏரி பஸ் ஸ்டாண்டாட்டம் இருந்துச்சுங்க.

ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன். அன்னிக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனப்பறம் அந்தக் கோட்டுகிட்ட போயி பாத்தேன். சாம்பல் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளதான் பாயோட கால் தடம். வீசறதுக்கு முந்தி ரெண்டடி நகந்தது நான். பாய் பாத்துட்டாரு. அடுத்தவன் தப்பச் சொல்ற பழக்கம் அவருக்கு இல்ல. அந்தப் பாயிண்ட வாங்கிக்கவும் மனசு வரல.

பின்னால மக வூட்டோட ஓசூரு பக்கம் போயிட்டாரு. என் விசிலு இன்னும் பெட்டியில இருக்குது, ஒரு வாட்டி கூட ஊதல. அவரு புள்ளைங்க யாரயாச்சும் பாத்தா சொல்லிடுங்க. அன்னிக்கு உங்கப்பா கோட்டத் தாண்டல, நகந்தது மாதையன்னு.