பாப்பா போகட்டும்

எனக்கு எழுபத்து மூன்று வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. அந்த ஆறில் ஒன்றாவது சோடை போயிருக்கிறதா என்று எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். (இரண்டாமவனைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். அவன் விஷயம் வேறு.) இத்தனை பேரை ஆளாக்கிய எனக்கு, ஒரு பேத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட விடத் தெரியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க நாளாகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டி எங்கள் வயல். வயலோரத்தில் என் வீட்டுக்காரர் கட்டிய சிமெண்டுக் களம். அந்தக் காலத்தில் நெல் காயப்போட இடம் பத்தாது. இப்போது மிஷின் வந்து அறுத்து, அப்படியே லாரியில் கொட்டிக்கொண்டு போய்விடுகிறது. களம் சும்மாதான் கிடந்தது. ஒருநாள் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் ஐந்து பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவன் தென்காசியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முருகேசன்.

"ஆச்சி, ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க களத்துல கார் ரேஸ் விட்டுக்கிடட்டுமா?"

"கார் ரேஸா? சிமெண்டு தாங்குமாலே?"

அவன் கட்கத்திலிருந்து ஒரு காரை எடுத்துக் காட்டினான். ஒரு முழ நீளம் இருக்கும்.

"இதுல எங்கன ஏறி உக்காருவிய?"

"ஏற முடியாது ஆச்சி. நாங்க மேல நின்னுக்கிட்டு ரிமோட்டுல ஓட்டுவோம்."

ஐந்து பேருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி இருக்கிறது. வாடகை வேண்டாம், பெருக்கிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டார்கள். (எனக்கும் அது காதில் விழுந்தது. விழட்டும் என்றுதானே சொன்னார்கள்.) பழைய சைக்கிள் டயர்களைப் போட்டுப் பாதை வளைத்து, பம்ப்செட் மேடையில் ஏறி நின்றுகொண்டு, வாராவாரம் ஓட்டினார்கள். சங்கம் என்று ஒரு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

என் பேத்தி கோமதிக்குப் பதினோரு வயது. என் பேரைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறது. மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிட என் மருமகளுக்கு நாக்கு வராது. அதனால் 'பாப்பா' என்றே கூப்பிட்டாள். வீடும் அதையே பிடித்துக்கொண்டது, ஊரும் பிடித்துக்கொண்டது. பட்டாளத்தில் இருக்கும் அவள் அப்பன் லீவில் வந்தபோது ஒரு பச்சைக் கார் வாங்கிக் கொடுத்தான். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞாயிறானால் களத்துக்குப் போய்விடுவாள். வெயிலில் கறுத்துத் திரும்பி வருவாள். நன்றாக ஓட்டுகிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, பூசாரி கொடுத்த நாலு எலுமிச்சம்பழத்தை முந்தியில் முடிந்துகொண்டு, பிள்ளைக்கு ஒரு செம்பில் மோரும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால், அவளுடைய பச்சைக் கார் ஓரமாக ஒரு துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவள் கோடி வளைவில் நிற்கிறாள். ஒரு சிவப்புக் கார் டயரில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. மேடையிலிருந்து முருகேசன் கத்துகிறான்.

"ஏட்டி பாப்பா, தூக்கு, தூக்கு! சீக்கிரம்!"

அவள் குனிந்து ஓடி, காரை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்ப ஓடிப்போய் நின்றாள். அடுத்து இன்னொருத்தன் கார். அதற்கும் ஓடினாள்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் களத்தில், இந்தப் பயல்கள் கவிழ்த்த வண்டியைப் பொறுக்கிக்கொண்டு திரிகிறது.

"ஏலே முருகேசா, எறங்குலே கீழே! இது யாரு களம்?"

ஐந்து காரும் நின்றுவிட்டன. "உங்க களந்தான் ஆச்சி."

"எங்க களத்துல எம் பேத்தி உங்களுக்கு எடுபிடியா?"

"ஐயோ, அப்படி இல்ல ஆச்சி. எங்க முறை அது. ஒரு ஆட்டம் ஓட்டினவன் அடுத்த ஆட்டத்துக்கு வளைவுல நிக்கணும். இப்ப நானும் போயி நிப்பேன். புதுசா வாரவங்க கொஞ்ச நாளு நின்னு பாத்தாத்தான் எங்கன திருப்பணும், எங்கன மெதுவாப் போவணும்னு..."

"முறையை எனக்கு நீ சொல்லித் தாரியோ?"

பேத்தி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "ஆச்சி, நீங்க வீட்டுக்குப் போங்க. அடுத்த ஞாயிறு எங்களுக்குன்னு தனியா ஆட்டம் வச்சிருக்காங்க. நானும் இன்னும் மூணு பேரும் ஓட்டப் போறோம்."

சுவரோரத்தில் மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு காரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தேன். ஆனால் எனக்கு எங்கே கண் தெரிந்தது?

"அடுத்த ஞாயிறு என்னட்டி அடுத்த ஞாயிறு? இன்னைக்கே ஓட்டு. பெரியவங்களோட ஓட்டு. இல்லன்னா நாளையில இருந்து இந்தக் களம் பூரா வரட்டி தட்டிக் காயப்போட்டுருவேன், ஆமா."

ஐந்து பேரும் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். சாணியின் மேல் கார் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்திருப்பார்கள். கடைசியில் முருகேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி ஆச்சி, பாப்பாவும் ஓட்டட்டும்" என்றான். பேத்தி என்னைப் பார்த்தாள். அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். (நான் ஆறு பேரை வளர்த்தவள் என்று மேலே எழுதியிருக்கிறேன்.)

அதோடு விட்டேனா? புது வண்டி முதல் ஓட்டம் ஓடப்போகிறது. எங்கள் வீட்டில் டிராக்டர் வந்தாலும் சரி, பைக் வந்தாலும் சரி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எடுத்ததில்லை. முந்தியை அவிழ்த்தேன். பச்சைக் காரின் முன்னால் திருநீறு பூசி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழத்தை வைத்தேன். சக்கரமும் பழமும் ஒரே அளவு. அது அழகாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஆச்சி, வேண்டாம் ஆச்சி" என்று பேத்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீ பேசாம ஓட்டுட்டி."

விசில் ஊதினார்கள். ஐந்து காரும் சீறிக்கொண்டு போயின. பச்சைக் கார் பழத்தின் மேல் ஏறியது, துள்ளியது, குட்டிக்கரணம் அடித்து மல்லாக்க விழுந்தது. நாலு சக்கரமும் மேலே பார்த்துக்கொண்டு, மருந்தடித்த கரப்பான்பூச்சி மாதிரி சுற்றின. எலுமிச்சம்பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை.

முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. செங்கோட்டையில் மரக்கடை வைத்திருக்கும் தடித்த மனிதர் ஒருவர் சங்கத்தில் உண்டு, அவர் பேச்சில் பாதி மலையாளம் இருக்கும். "அய்யோ மோளே!" என்று அலறிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, "ஒருத்தரும் அனங்கண்டா! நில்லுங்கப்பா! பாப்பா போகட்டும்!" என்றார்.

அந்த இடத்தில் காரைத் தூக்கிவிட ஆள் இல்லை. பேத்தியோ மேடையில் நிற்கிறாள். நானே போய்க் குனிந்து நிமிர்த்தி வைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது, முகத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன் என்று. அவள் அதைத் திருப்பிக்கொண்டு போவதற்குள் ஐந்து காரும் அவளுக்காக ரிவர்ஸிலேயே உருண்டு வந்துவிட்டன. எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, மந்திரி வண்டிக்கு ஒதுங்குகிற மாதிரி வரிசையாக ஒதுங்கி வழிவிட்டன. "பாப்பா போகட்டும், பாப்பா போகட்டும்" என்று மேடையில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். பிறகு பச்சைக் கார் முன்னால் போக, ஐந்தும் பின்னால் ஊர்ந்தன. குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சுவரோரத்துப் பிள்ளைகளில் சின்னது ஒன்று, "ஏ, இங்க பாரு, எல்லாரும் வேணும்னே உருட்டுதாங்க!" என்று சிரித்தது. மற்ற இரண்டும் சிரித்தன.

என் பேத்தியின் காதில் அது விழுந்தது. முடிக்கிற கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவள் காரை நிறுத்திவிட்டாள்.

பின்னால் வந்த ஐந்தும் நின்றன.

"நீங்க போங்க மாமா" என்றாள்.

"பரவாயில்ல பாப்பா, நீ போ" என்றான் முருகேசன்.

"நீங்க போங்க."

"ஆச்சி பாத்துக்கிட்டு நிக்காங்க பாப்பா. போயிரு."

யாரும் போகவில்லை. ஆறு காரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கின்றன. மேடையில் பேசிய இது எனக்கு அப்போது சரியாகக் காதில் விழவில்லை, பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பிள்ளையின் காரில் பேட்டரி தீர்ந்துவிட்டது, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன். பொறுமையாக நடந்துபோய், பச்சைக் காரை என் காலாலேயே கோட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளிவிட்டேன்.

"எம் பேத்தி ஜெயிச்சிட்டா!" என்று கையையும் தட்டினேன். அந்த ஐந்து பேரும் தட்டினார்கள். என்ன செய்வார்கள், பாவம்.

பேத்தி ரிமோட்டை மேடையில் வைத்தாள். இறங்கினாள். காரை எடுக்காமலேயே வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தாள். முருகேசன் கொடுத்த சின்னக் கோப்பையை நான்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் வைத்தபோது ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நான் அவங்களோட ஓட்டணும்னுதான் ஆச்சி இத்தனை நாளு வளைவுல நின்னேன். இன்னைக்கு அவங்க யாருமே ஓட்டல." அப்புறம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அதைவிட மோசம், மற்ற மூன்று பிள்ளைகளும் வரவில்லை. 'அது பெரியாச்சி வீட்டுக் களம், அங்க அவங்க பேத்திதான் ஜெயிக்கணுமாம்' என்று ஊரில் பேச்சாகிவிட்டது. எந்தத் தாய் தகப்பன் அனுப்புவார்கள்? புதுப் பிள்ளைகள் பயப்படாமல் ஓட்டட்டும் என்று முருகேசன் ஒரு வாரமாகச் சின்னப் பாதை வரைந்து, முட்டினாலும் உடையாமல் இருக்கத் துணி சுற்றிய டயர் வாங்கி வைத்திருந்தானாம். நான் அவன் கடைக்குப் போய்க் கேட்டபோது சொன்னான். வாங்கி வைத்த டயர்கள் கடை மூலையிலேயே கிடந்தன.

"தப்பு என்னுதுதான்லே" என்றேன். எனக்கு வாயில் அவ்வளவு சுலபமாக வருகிற சொல் இல்லை அது.

அவன் செல்போனைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "விடுங்க ஆச்சி. ஆனா ஒண்ணு. சின்னப் பிள்ளைகளுக்கு நாங்க ஒதுங்கி நின்னா அதுகளுக்குப் புடிக்காது. மேல ஏத்திக்கிட்டுப் போனாலும் அழுதுரும். கவுந்தா மட்டும் போயித் தூக்கி விட்டாப் போதும்."

"நான் தூக்கத்தானேலே செஞ்சேன்."

"திருப்பி வச்சிட்டியளே ஆச்சி" என்றான். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மூன்று வீட்டுக்கும் நானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பிள்ளைகளை அனுப்புங்கள், நான் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டேன் என்று. இரண்டு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் உள்ளேயே கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை இன்றுவரை வரவில்லை. உருட்டுகிறார்கள் என்று சிரித்ததே, அந்தச் சின்னது. அதுதான் நன்றாக ஓட்டக்கூடியதாம். 

சாரல் மாதங்கள் முழுக்கக் களம் ஈரமாகவே கிடந்தது. அன்றைக்கு நான் எடுத்துவந்து வைத்த பச்சைக் கார் பீரோ மேலேயே இருந்தது. வெயில் வந்த பிறகு ஒரு ஞாயிறு அது அங்கே இல்லை.  களத்திலிருந்து விர்விர்ரென்று சத்தம் வரும். அடுக்களையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது அங்கே சின்னப் பிள்ளைகள் ஆறேழு பேர் ஓட்டுகிறார்கள். களத்து வாசலில் முருகேசன் ஒரு பலகை மாட்டியிருக்கிறான். 'எலுமிச்சம்பழம் உள்ளே கொண்டுவரக் கூடாது.' ஊரே நின்று வாசித்துவிட்டுப் போகிறது. என் களத்தில், என்னைப் பற்றி, எனக்கே பலகை.

வீட்டிலும் விடுவதில்லை. காலையில் குளியலறைக் கதவைத் திறந்தால், லீவில் வந்திருக்கும் மகன் ஒதுங்கி நின்று, "பாப்பா போகட்டும்" என்கிறான். எலுமிச்சம்பழச் சோறு கிண்டினால், "சக்கரத்துக்கு மிச்சம் வச்சியளா அத்தை?" என்கிறாள் மருமகள். போன சீசனில் ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, அந்த மருமகளே உரக்க, "எல்லாரும் ஒதுங்குங்க, ஆச்சி போகட்டும்!" என்றாள். முன்னால் நின்ற ஊர்பேர் தெரியாத பெண்கள் நிஜமாகவே ஒதுங்கினார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அப்படிப் போகும்போது முதுகு எப்படிக் கூசும் என்று. அருவியில் நனைந்தும் அந்தக் கூச்சம் போகவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிறு, சொன்ன வாக்கை மீறி, தென்னந்தோப்புக்குள் ஒளிந்து நின்று பார்த்தேன். பச்சைக் கார் கோடி வளைவில் கவிழ்ந்தது. பொடிசு ஒன்று ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தது, முகம் சரியான பக்கம் பார்க்க. யாரும் நிற்கவில்லை. முருகேசனின் சிவப்புக் கார் அவளைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அவள் கடைசிக்கு முன்னால் வந்தாள். மேடையிலிருந்து குதித்து இறங்கியபோது அவள் முகத்தில் இருந்ததை, கோப்பை வாங்கின அன்றைக்கு நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஏட்டி பாப்பா, கையைக் கழுவிட்டு இங்கன வா. ஆச்சி எழுதினதை மொதல்ல இருந்து வாசி, கேப்போம். எழுத்துத் தப்பா இருந்தா இருந்துட்டுப் போட்டும். கடைசியில கோவம் வரும், வரட்டும். எனக்காக எங்கனயும் நிக்காத. வாசி.